இரண்டாம் ஆண்டில் பொத்தல் விழும் செங்காந்தள் வயல்: ஒரு நிகழ்வு ஆய்வு

மூலனூர், தாராபுரம், ஒட்டன்சத்திரம், அரவக்குறிச்சி வட்டாரத்துச் செம்மண் காடுகளில் கண்வலிக்கிழங்கு எனப்படும் செங்காந்தள் போட்டவர்களுக்கு இந்தப் பிரச்சினை பழக்கமானது. முதல் ஆண்டு கொடி வேலியை மூடி ஏறும். காய்ப்பும் குறை சொல்லும்படி இருக்காது. தை, மாசியில் காய் பறித்ததும் கிழங்கை மண்ணிலேயே விட்டுவிடுவார்கள். ஒருமுறை நட்டால் நான்கைந்து ஆண்டு ஓடும் என்பதுதானே இந்தப் பயிரின் கவர்ச்சி. அடுத்த ஆடிக் கடைசியில் தண்ணீர் விட்டுக் காத்திருந்தால் சில இடங்களில் குருத்து வரிசையாக வரும், சில இடங்களில் நாலைந்து அடிக்கு வெறும் மண். மூன்றாம் ஆண்டில் பொத்தல் இன்னும் அகலும். விதைக்கிழங்கு மோசம், மழை ஏமாற்றிவிட்டது என்று காரணம் சொல்லி வயலை அழித்துவிடுகிறார்கள்.

தோண்டிப் பார்த்தால் பெரும்பாலும் காரணம் வேறாக இருக்கும். அப்படித் தோண்டிப் பார்க்கும் முறை, கிடைக்கும் கிழங்குகள் சொல்லும் சேதி, வயலை மீட்கும் வழி ஆகியவற்றை இந்த ஆய்வு வரிசையாக எடுத்துக்கொள்கிறது.

வறட்சியை இது தாங்கும் விதம்

செங்காந்தள் நம் மாநில மலர். வேலியோரத்திலும் புதர்க்காட்டிலும் தானாக வளரும் பல்லாண்டுக் கொடி. வறட்சி தாங்கும் என்று சொல்லியே விற்கிறார்கள். அதில் பொய் இல்லை, ஆனால் பாதிதான் சொல்கிறார்கள். மாசியில் கொடி காய்ந்து விழுந்ததிலிருந்து ஆடி வரை ஒரு சொட்டு நீர் இல்லாமல் கிழங்கு மண்ணுக்குள் கிடக்கும். அந்த ஐந்து மாத வறட்சியைத் தாங்கத்தான் அது படைக்கப்பட்டிருக்கிறது. குருத்து கிளம்பிய பிறகு கதை வேறு. நட்டதிலிருந்து பூக்கும் வரை மண் காய்ந்தால் கொடி குட்டையாக நின்றுவிடும், மொட்டு உதிரும். வளரும் பருவத்தில் சிக்கனம் பார்த்துவிட்டு, தூங்கும் பருவத்தில் தண்ணீர் காட்டுவதுதான் பொத்தல் வயல்களில் அடிக்கடி காணும் தவறு.

கிழங்கின் அமைப்பையும் தெரிந்துகொள்ள வேண்டும். கலப்பைபோல வளைந்து இரண்டு கைகளாக இருக்கும். ஒவ்வொரு கையின் நுனியிலும் ஒரே ஒரு முளைக்கண். உருளைக்கிழங்கில் இருப்பதுபோல் மேலெங்கும் கண் கிடையாது. அந்த நுனி முறிந்தால் கை எவ்வளவு பருத்திருந்தாலும் அநேகமாகக் குருடுதான். இன்னொன்று, போன ஆண்டு நட்ட அதே கிழங்கு இந்த ஆண்டு இருக்காது. குருத்து வளர வளரத் தாய்க்கிழங்கு சுருங்கிச் சக்கையாகிவிடும். தண்டின் அடியில் புதுக் கிழங்கு உருவாகும். புதுக் கிழங்கின் பருமனைத் தீர்மானிப்பது அந்த ஆண்டு கொடியில் எவ்வளவு காலம் பச்சை இலை இருந்தது என்பதே.

தோண்டிப் பார்த்தல்

முதல் நீர் விட்டு ஐந்து வாரம் ஆகியும் குருத்து வராத இடங்களைத்தான் தோண்ட வேண்டும். அதற்கு முன் கை வைத்தால் மெதுவாகக் கிளம்பும் நல்ல குருத்தை நாமே முறிப்போம். வயலின் நான்கு மூலையிலும் நடுவிலும் இரண்டிரண்டு குழி போதும். மண்வெட்டியும் கடப்பாரையும் வேண்டாம். களைக்கொத்தால் வரிசையிலிருந்து ஒரு சாண் தள்ளி இறங்கி, பக்கவாட்டில் மண்ணைப் பறித்துக்கொண்டே கிழங்கை நெருங்க வேண்டும். ஓராண்டு மண்ணில் இருந்த கிழங்கு நட்ட ஆழத்தைவிடக் கீழே போயிருக்கும் என்பதால் முக்கால் அடி ஆழத்துக்கும் கீழே தேட வேண்டியிருக்கும். கையுறை கட்டாயம். காரணம் பின்னால் வருகிறது.

எடுத்த கிழங்குகளைச் சாக்கில் பரப்பிப் பிரித்தால் ஐந்து வகை கிடைக்கும்.

முதல் வகை கையில் எடுத்ததும் நசுங்கும். மேல்தோலில் வெள்ளைப் பஞ்சு நூல் படர்ந்திருக்கும். ஒட்டியிருக்கும் மண்ணில் கடுகளவு பழுப்பு உருண்டைகள் கிடக்கும். ஸ்கிளிரோசியம் ரோல்ஃப்சி என்ற பூசணத்தின் வேலை இது. அந்த உருண்டைகள்தான் அதன் வித்து, மண்ணில் ஆண்டுக்கணக்கில் உயிரோடு இருக்கும். சூடும் ஈரமும் சேர்ந்தால் கிளம்பும். மட்காத சாணமும் பயிர்க்கழிவும் அதற்குத் தீனி. இது எங்கே அதிகம் இருக்கிறது என்று பார்த்தால் இரண்டு இடம் அகப்படும். ஒன்று, தண்ணீர் தேங்கும் தாழ்ந்த மூலை. இன்னொன்று, கோடையில் வரிசைக்கிடையே நிலக்கடலையோ தக்காளியோ போட்டுச் சொட்டு நீரை ஓடவிட்ட பகுதி. இரண்டு பயிரையும் இதே பூசணம் தாக்கும். ஆக, தூங்கும் கிழங்குக்குத் தண்ணீர் காட்டியதோடு நோயை வளர்த்தும் கொடுத்தாயிற்று. கோடை நிலத்தைச் சும்மா போடுவானேன் என்ற கணக்கு இந்தப் பயிரில் எடுபடாது.

இரண்டாம் வகை நசுங்காது, உலர்ந்து இலேசாக இருக்கும். உடைத்தால் உள்ளே சாம்பல் நிறமும் கரித்தூள் போன்ற கறுப்புப் புள்ளிகளும் தெரியும். மேக்ரோஃபோமினா என்ற பூசணத்தால் வரும் கரி அழுகல் இது. முதல் வகைக்கு நேர் எதிர்க் குணம் கொண்டது. வெயிலில் வாடி நலிந்த செடியைத்தான் பிடிக்கும். மேட்டுப்பகுதியில், சுக்கான் கல் மேலே வரும் இடத்தில், போன ஆண்டு பூப்பருவத்தில் தண்ணீர் காட்டாமல் காயவிட்ட வரிசைகளில் இதைத் தேடலாம். ஒரே வயலில் தாழ்வில் ஈர அழுகலும் மேட்டில் கரி அழுகலும் இருந்தால், தண்ணீர் மொத்தத்தில் போதவில்லை என்றோ அதிகம் என்றோ முடிவு கட்டக் கூடாது. நேரமும் இடமும்தான் தவறியிருக்கிறது.

மூன்றாவது வகையைப் பார்த்தால் வருத்தமாக இருக்கும். கிழங்கு கல்லுப்போல் உறுதியாக, வெளிர் பழுப்புத் தோலோடு இருக்கும். நுனி மட்டும் மழுங்கியோ வெட்டுப்பட்டோ இருக்கும். கோடை உழவில் கலப்பை பட்டது, களை கொத்தும்போது கொத்து பட்டது, காய்ந்த கொடியைக் கையால் இழுத்துப் பிடுங்கியது ஆகிய மூன்றும் பழக்கமான காரணங்கள். மண்ணிலிருந்து வந்த பிறகு முறிந்த குருத்தும் இதே கணக்கில்தான் சேரும். அடியில் ஒடிந்தால் அந்தக் கைக்கு அந்த ஆண்டு முடிந்தது என்றே வைத்துக்கொள்ளலாம்.

நான்காவது, சுண்டுவிரல் தடிமனில் மெலிந்த கிழங்கு. உயிர் இருக்கும், ஒரு சின்னக் குருத்துகூட விட்டிருக்கலாம், ஆனால் பூக்கும் வலு இல்லை. இதற்குக் காரணம் இந்த ஆண்டில் இல்லை, போன ஐப்பசி கார்த்திகையில் இருக்கிறது. அடைமழையில் இலைக்கருகல் வந்தோ, புழு தின்றோ கொடி சீக்கிரம் மொட்டையானால் புதுக் கிழங்குக்குச் சோறு இல்லை. காய் முற்றிவிட்டதே, இனி இலை போனால் என்ன என்று மார்கழியில் கைவிடும் வயல்களில் இந்த வகை நிறையக் கிடைக்கும்.

ஐந்தாவது நல்ல கிழங்கு. நுனியில் வெளுத்த முளை துருத்திக்கொண்டு நிற்கும். அதை மூடிவிட்டு நகர வேண்டியதுதான்.

எந்த வகை அதிகம் என்பதைப் பொறுத்தே வைத்தியம். பாதிக்கு மேல் முதல் வகை என்றால் பொத்தலை நிரப்புவது வீண்செலவு. நல்ல கிழங்கை மாசியில் தோண்டி எடுத்து வேறு நிலத்துக்குக் கொண்டுபோவதே சரி. மூன்றாவதும் நான்காவதும் அதிகம் என்றால் வயலைக் காப்பாற்றலாம்.

மீட்கும் வழி: கிழங்கும் நடவும்

பொத்தலை நிரப்பவும் புதுநிலத்துக்கு மாற்றவும் கிழங்கு தேர்வு ஒன்றேதான். கை ஒன்றுக்கு 50 முதல் 60 கிராமுக்குக் குறையாமல், நுனி முழுசாக, தோலில் கருமை இல்லாமல் இருக்க வேண்டும். இரண்டு கையும் பருத்திருந்தால் முழங்கையில் பிரித்து இரண்டாக நடலாம். பிரித்த வாய் நிழலில் இரண்டு மூன்று நாள் காய வேண்டும். காட்டிலிருந்து தோண்டி வந்த கிழங்கு மலிவாகக் கிடைக்கும். அதை வாங்குவது காட்டுச் செடியை அழிக்கிறது என்பது ஒருபுறம், நுனி முறிந்ததும் வயது தெரியாததும் அதில்தான் அதிகம். விதை போட்டு வளர்க்கலாமே என்பவர்களுக்கு: முளைக்கவே மாதக்கணக்கு ஆகும், பூவைப் பார்க்க மூன்று நான்கு ஆண்டு ஆகும்.

60 × 45 செ.மீ. இடைவெளியில் ஏக்கருக்குச் சுமார் 15,000 கிழங்கு, எடையில் 800 கிலோ. முதல் ஆண்டின் பெரிய செலவு இதுதான். ஆகவே நேர்த்தியில் அலட்சியம் கூடாது. லிட்டருக்கு 1 கிராம் கார்பெண்டசிம் என்ற பூசணக்கொல்லியைக் கரைத்து அரை மணி நேரம் முக்கி, நிழலில் ஈரம் உலர விட்டு நட வேண்டும். பாரின் மேல் 6 முதல் 8 செ.மீ. ஆழத்தில் படுக்கை வாட்டில், முளைக்கண் பக்கம் சற்று உயர்ந்திருக்கும்படி வைக்கலாம். செங்குத்தாகச் சொருகுவதும், மண்ணைக் காலால் மிதித்து இறுக்குவதும் நுனிக்கு ஆகாது.

அடியுரம் ஏக்கருக்கு நன்கு மட்கிய தொழு உரம் 4 டன், வேப்பம் புண்ணாக்கு 60 கிலோ. ‘நன்கு மட்கிய’ என்பதை ஒப்புக்குச் சொல்லவில்லை. பச்சைச் சாணம் போட்ட வயலில் ஈர அழுகல் வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். எக்டேருக்கு 120:50:75 கிலோ என்ற தழை, மணி, சாம்பல் சத்துப் (நைட்ரஜன், பாஸ்பரஸ், பொட்டாஷ்) பரிந்துரையை ஏக்கருக்கு மாற்றினால் யூரியா ஏறக்குறைய 104 கிலோ, சூப்பர் பாஸ்பேட் 125 கிலோ, பொட்டாஷ் 50 கிலோ. யூரியாவில் பாதியை மற்ற இரண்டோடு நடவின்போதும், மறுபாதியை ஒன்றரை மாதத்துக்குள் கொடி ஏறும்போதும் கொடுக்கலாம்.

டிரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூசணம் ஒரு கிலோவை 50 கிலோ மட்கிய தொழு உரத்தில் கலந்து, ஈரம் தெளித்து, ஒரு வாரம் நிழலில் மூடி வைத்து வரிசையோரம் இட்டால் இரண்டு அழுகலுக்கும் தடுப்பு. மண்ணில் கார்பெண்டசிம் ஊற்றிய கையோடு இதை இடக் கூடாது. டிரைக்கோடெர்மாவும் பூசணம்தான், மருந்து அதையும் கொல்லும். இரண்டு வாரமாவது இடைவெளி வேண்டும்.

தண்ணீரைப் பொறுத்தவரை நட்டவுடன் ஒரு நீர், பிறகு செம்மண்ணில் ஐந்து நாளுக்கு ஒரு நீர். மழை பெய்தால் அதற்கேற்பத் தள்ளிப்போடலாம். காய் முற்றத் தொடங்கியதும் படிப்படியாகக் குறைத்து, பறிப்பின்போது நிறுத்திவிட வேண்டும். அதன்பின் ஆடி வரை வால்வைத் தொடக் கூடாது. சித்திரை, வைகாசியில் கோடை மழை கொட்டினால் வடிகால் வாய்க்காலைத் திறந்துவிடுவது மட்டுமே நம் வேலை.

கொடி, இலை, புழு

இலையின் நுனியே சுருண்டு பற்றுக்கம்பியாக மாறிப் பிடித்து ஏறும். அதனால் பிடிமானம் மெல்லியதாக இருக்க வேண்டும். தடித்த கம்பத்தை இலை நுனியால் சுற்ற முடியாது. முள்கிளுவை உயிர்வேலி, விராலிக் குச்சி, கம்பி வலை மூன்றும் புழக்கத்தில் இருக்கின்றன. கிளுவை மலிவு, ஆனால் ஆண்டுதோறும் கவாத்துச் செய்யாவிட்டால் நிழல் கட்டிக் கொடியின் காய்ப்பைக் குறைத்துவிடும். தரையில் படரவிட்ட கொடியில் இலைக்கருகல் முதலில் வரும்.

கார்த்திகை மழையில் இலையில் பழுப்புப் புள்ளி விழுந்து, விரிந்து, நுனியிலிருந்து கருகினால் லிட்டருக்கு 2 கிராம் மான்கோசெப் பூசணக்கொல்லி தெளிக்கலாம். மழை விட்ட இடைவெளியில், அடி இலைகள் நனையும்படி தெளிக்க வேண்டும். இலை முழுக்கக் கருகியபின் தெளிப்பது காசுக்குக் கேடு.

இந்தச் செடியின் நஞ்சைச் சட்டை செய்யாத புழு ஒன்று உண்டு. பாலிடெலா குளோரியோசே என்ற அந்துப்பூச்சியின் புழு அது. கறுப்பு உடலில் வெள்ளையும் சிவப்புமாகப் புள்ளிகள் இருக்கும். தூரத்திலிருந்தே தெரியும். சின்னப் பருவத்தில் ஒரே இலையில் கூட்டமாக மேயும். அந்த இலையோடு கிள்ளிச் சோப்புத் தண்ணீரில் போட்டால் நூறு புழு ஒரே நேரத்தில் ஒழியும். ஒரு வாரம் விட்டால் கொடிக்கொடியாகப் பரவி மொட்டுக்கும் வந்துவிடும். அப்போது 5 சதவீத வேப்பங்கொட்டைக் கரைசலை மாலையில் அடிக்க வேண்டும். மருந்து தெளிப்பைக் கையால் பூவுக்கு மகரந்தம் தொடும் நேரத்தோடு மோதவிடக் கூடாது.

பூவைத் தொடும் வேலை

நோய் தீர்ந்து கொடி நிறையப் பூத்தும் காய் இல்லை என்றால் பூவின் அமைப்பைப் பார்க்க வேண்டும். ஆறு இதழும் பின்னோக்கி மடங்கி நிற்கும், ஆறு மகரந்தத் தாள்களும் வெளிநோக்கி விரிந்திருக்கும். சூல்தண்டு மட்டும் அடியிலேயே ஏறக்குறைய 90 பாகை மடங்கி ஒருபக்கமாக நீட்டிக்கொண்டிருக்கும். தன் மகரந்தம் தன் சூல்முடியில் விழாமல் இருக்கவே இந்த ஏற்பாடு. காட்டில் வண்ணத்துப்பூச்சி வந்து முடித்துவைக்கும். ஏக்கர்க்கணக்கில் ஒரே நேரத்தில் பூக்கும் வயலுக்கு அது போதாது.

அதனால் கையால் செய்கிறார்கள். காலையில் பனி உலர்ந்ததும் தொடங்கி, வெயில் ஏறுமுன் முடித்துவிட வேண்டும். மகரந்தப்பை வெடித்து மஞ்சள் தூள் விரலில் ஒட்டும் பூவைக் கிள்ளியோ, மென்தூரிகையால் தூளை எடுத்தோ, வேறு கொடியின் பூவில் மூன்றாகப் பிரிந்திருக்கும் சூல்முடியில் தடவ வேண்டும். அன்று விரிந்த, இதழ் அடியில் இன்னும் மஞ்சள் மாறாத பூவே நல்லது. முழுக்கச் சிவந்த பூவில் நேரம் செலவிடுவது வீண். மழை நாளில் மகரந்தம் நனைந்து கட்டிப்போகும். மழை விட்ட மறுநாள் இரட்டிப்பு ஆள் விட்டாலும் தப்பில்லை. பூக்கும் மாதம் முழுக்கத் தினமும் ஆள் வேண்டும் என்பதால் கிழங்குக்கு அடுத்த பெரிய செலவு இந்தக் கூலிதான். கூலிக்குப் பயந்து ஒருநாள் விட்டு ஒருநாள் போகும் வயலின் காய்ப்பு எண்ணிப் பார்க்காமலே தெரியும்.

நட்டு 160 முதல் 180 நாளில் காய் முற்றும். வெளிர்பச்சை கரும்பச்சையாக மாறி, தோல் சுருங்கத் தொடங்கி, அழுத்தினால் நொறுங்கும் சத்தம் வந்தால் பறிக்கலாம். நிழலில் பத்து நாள் போலப் பரப்பினால் காய் மூன்றாக வெடித்து ஆரஞ்சு நிற விதை தெரியும். விதையைப் பிரித்து மேலும் ஒரு வாரம் நிழலிலேயே உலர்த்த வேண்டும். அவசரப்பட்டுச் சாக்கில் கட்டினால் பூசணம் பிடிக்கும், வியாபாரி முதலில் முகர்ந்து பார்ப்பதும் அதைத்தான். சராசரி நல்ல வயலில் ஏக்கருக்கு 80 முதல் 100 கிலோ விதை. காய்த்தோலும் தனியாக விலைபோகும். விதை விலை கிலோ ஆயிரத்துக்குக் கீழும் போயிருக்கிறது, மூவாயிரத்தைத் தாண்டியும் நின்றிருக்கிறது. உச்ச விலையை வைத்துக் கணக்குப் போட்டுக் கடன் வாங்குவது தற்கொலைக்குச் சமம்.

கையுறை எதற்கு

இந்த விதைக்கு விலை தருவது கோல்சிசின். கீல்வாத மருந்துக்கும், செடிகளில் குரோமோசோமை இரட்டிப்பாக்கவும் பயன்படும் இதே சரக்குதான் நஞ்சும். கிழங்கைவிட விதையில் இது பல மடங்கு அதிகம். கிழங்கைத் தின்றவருக்குச் சில மணி நேரத்தில் வாந்தியும் பேதியும் தொடங்கும். அது அடங்கியதுபோல் தோன்றும்போதே அடுத்த ஓரிரு நாளில் சிறுநீரகம், எலும்பு மஜ்ஜை என்று ஒவ்வொன்றாகப் பாதிக்கப்படும். பிழைத்தவருக்கு இரண்டு மூன்று வாரத்தில் முடி கொட்டும். இலங்கையில், தமிழில் கார்த்திகைப்பூ என்றும் சிங்களத்தில் நியங்கலா என்றும் அழைக்கப்படும் இதே செடியின் கிழங்கை வத்தாளங்கிழங்கு (சர்க்கரைவள்ளி) என்று எண்ணி அவித்துத் தின்று இறந்தவர்கள் உண்டு. அதனால் விதைக்கிழங்கைச் சமையலறைப் பக்கம், வேறு கிழங்கு இருக்கும் கூடையில் வைக்கவே கூடாது. யாராவது தின்றது தெரிந்தால் வாந்தி வரட்டும் என்று காத்திருக்காமல், மீதிக் கிழங்கையும் கையோடு எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். காய்ந்த கொடியை ஆடு மாட்டுக்குப் போடக் கூடாது. அறுவடை முடிந்த வயலில் பட்டி அடைக்கவும் கூடாது.

மூன்றாம் ஆண்டில் எதிர்பார்க்க வேண்டியது

மாசியில் கொடியைத் தரைமட்டத்தில் கத்தரியால் வெட்டி, நோய்ச்சருகோடு வெளியே கொண்டுபோய் எரிக்க வேண்டும். பிடுங்கக் கூடாது. கோடையில் உழவும் ஊடுபயிரும் தண்ணீரும் இல்லை. களை இருந்தால் மேலாக அறுத்து அங்கேயே போடலாம். பொத்தல் இருந்த இடங்களைக் காய்வதற்கு முன்பே குச்சி நட்டு அடையாளம் வைத்திருந்தால், ஆடியில் அந்தக் குழி மண்ணை ஒரு கூடை வெளியேற்றி, டிரைக்கோடெர்மா கலந்த புது எருவும் மண்ணும் போட்டு நிரப்பலாம். ஈர அழுகல் கண்ட குழியில் மறுநடவு செய்யாமல் ஓராண்டு காலியாக விடுவது நல்லது.

மெலிந்த கிழங்குகளை எடுத்து வயலோரம் ஒரு பாத்தியில் 20 செ.மீ. இடைவெளியில் தனியாக வளர்க்கலாம். அந்த ஆண்டு மொட்டு வந்தாலும் கிள்ளிவிட்டு இலையை மட்டும் காப்பாற்றினால், வலு முழுக்கக் கிழங்குக்குப் போகும். புதிதாக நட்ட கொடிகள் பழையவற்றைவிட இரண்டு மூன்று வாரம் பிந்திப் பூக்கும். எனவே மகரந்தம் தொடும் ஆட்களைக் கார்த்திகையோடு நிறுத்தாமல் மார்கழி முதல் பாதி வரைக்கும் பேசி வைத்துக்கொள்ள வேண்டும். பறிப்பும் இரண்டு தவணையாக வரும். இரண்டு பறிப்புக் காய்களையும் ஒன்றாகக் கொட்டி உலர்த்தாமல் தனித்தனிப் படுதாவில் போட வேண்டும்.